பூஜ்யம் எண்ணலாம், வாங்க!

கே: மின் மீட்டரில் ஓடும் 1 யூனிட்டை எலக்ட்ரான் வோல்ட்டில் சொன்னால் எவ்வளவு வரும்? (கல்லூரி மாணவி, கரூர்)

ப: 1 யூனிட் 36 லட்சம் ஜூல். 1 எலக்ட்ரான் வோல்ட் வெறும் 1.6 × 10⁻¹⁹ ஜூல். வகுத்தால் 2.25 × 10²⁵. மொத்தம் 26 இலக்கம். மின்வாரியம் இந்த அலகில் பில் போட ஆரம்பித்தால், தொகையைப் பார்க்கும் முன்பே மயக்கம் வந்துவிடும்.

கே: பெருக்குவதா, வகுப்பதா? பரீட்சை ஹாலில் மட்டும் மறந்துபோகிறதே! (ப்ளஸ் டூ மாணவர், தேனி)

ப: நேரடியாகத் தாவாதீர்கள். முதலில் ஜூலுக்கு வாருங்கள்; அங்கிருந்து எல்லா ஊருக்கும் பஸ் உண்டு. சின்ன அலகுக்குப் போனால் எண் பெருக்கும், பெரிய அலகுக்குப் போனால் சிறுக்கும். 1 ஜூலை எலக்ட்ரான் வோல்ட்டாக்கி 0.000… என்று விடை வந்தால், திருத்துபவருக்கு வேலை வைக்காமல் நீங்களே அடித்துவிடுங்கள்.

கே: டயட் சார்ட்டில் ஒரு நாளைக்கு 2,000 கலோரி என்று போட்டிருக்கிறது. கரண்ட் கணக்கில்? (இல்லத்தரசி, திருச்சி)

ப: சாப்பாட்டுக் கலோரி என்பது உண்மையில் கிலோ கலோரி. சார்ட் போட்டவர் மூன்று பூஜ்யங்களை ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டார்! மொத்தம் 84 லட்சம் ஜூல், அதாவது 2.3 யூனிட். 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் 97 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதற்குச் சமம் நீங்கள்.

கே: ஜெனீவா அருகே 13.6 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்டில் புரோட்டான்களை மோதவிடுகிறார்களாமே, பூமி தாங்குமா? (ஆட்டோ ஓட்டுநர், மதுரை)

ப: ஜூலில் பாருங்கள்: 0.0000022. பத்துப் பன்னிரண்டு கொசுக்கள் பறக்கிற ஆற்றல்தான். அது இரண்டே புரோட்டான்களுக்குள் அடங்கியிருப்பதுதான் அதிசயம்.

கே: கொசு அளவுதான் என்றால் அந்த எந்திரத்துக்கு ஏன் அவ்வளவு பாதுகாப்பு? (அதே வாசகர்)

ப: விடமாட்டீர்களே! ஒரு கற்றையில் சுமார் 3 கோடி கோடி புரோட்டான்கள். வடிவமைப்புக் கணக்குப்படி மொத்த ஆற்றல் 36 கோடி ஜூல், அதாவது 100 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கிற அதே 100 யூனிட்! நாம் அறுபது நாள் வைத்துக்கொண்டு செலவழிப்பதை, அந்தக் கற்றை நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் இறக்கிவிடும்.

கே: ஒற்றைத் துகளுக்கு அதிகபட்சம் எவ்வளவு ஆற்றல் இருந்திருக்கிறது? (ஆசிரியர், நாகர்கோவில்)

ப: இதுவரை பதிவானதில், 1991 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் யூட்டா வானில் நுழைந்த காஸ்மிக் கதிர்த் துகள்தான் முதலிடம். 3.2 × 10²⁰ எலக்ட்ரான் வோல்ட், ஜூலில் 51. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல். சுழற்பந்துதானே என்று அலட்சியம் வேண்டாம். வந்தது ஒரே ஒரு துகள்!

கே: ஹிரோஷிமா குண்டு 15 கிலோ டன் என்கிறார்கள். அதை யூனிட்டில் சொல்ல முடியுமா? (ஓய்வுபெற்ற ஊழியர், சேலம்)

ப: 1 டன் டிஎன்டி 418.4 கோடி ஜூல். 15,000 டன்னுக்குச் சுமார் 1.75 கோடி யூனிட். கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலை ஒன்று முழுத் திறனில் ஓடினால் ஒரே நாளில் 2.4 கோடி யூனிட் தரும். அலகு மாற்றம் ‘எவ்வளவு’ என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு நேரத்தில், யார் தலையில் என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.