இல்லைன்னு போட்டுக்கவா சித்தி?

தமிழ்நாட்டில் ஒரு கர்ப்பப்பைக்கு அரசு மரியாதை கிடைக்க வேண்டுமென்றால் அதற்குள் பிள்ளை இருக்க வேண்டும். இருந்துவிட்டால் குறையே இல்லை. எண் தருவார்கள், அட்டை தருவார்கள், இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். மண்டபம் பிடித்துச் சமுதாய வளைகாப்பு நடத்தி, அமைச்சர் கையால் வளையலும் கலவை சாதமும் தருவார்கள். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் மதிப்புள்ள மகப்பேறு உதவி தவணை தவணையாக வரும். நரிக்குடிப் பக்கத்துக் கண்மாய்க்கரை ஊரில் ஒருத்திக்கு நாள் தள்ளிப்போனால் மாமியாருக்கு முன்பே கிராம செவிலியருக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது பிறந்ததும் கருத்தடை ஆபரேஷன், அதோடு கோப்பு மூடப்படும். அதற்குப் பிறகு அந்த உறுப்பு இன்னும் முப்பது நாற்பது வருஷம் அவள் வயிற்றில் கிடந்தாலும் அரசாங்கத்துக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

முத்துலெட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த ஆத்திரத்தில்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. நாம் என்ன செய்தோம்? அந்த அம்மாவின் பெயரை எடுத்துப் பிரசவத்துக்கு வைத்துக்கொண்டோம். அவர் சண்டை போட்ட நோயை அடையாறிலேயே விட்டுவிட்டோம். எங்கள் அருப்புக்கோட்டையிலிருந்து அடையாறு ஐந்நூறு கிலோமீட்டர் தொலைவு.

நான் சொல்ல வந்தது கர்ப்பப்பையின் உள்சுவரில் வரும் புற்றுநோயை. எண்டோமெட்ரியல் கேன்சர் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். 2022இல் மட்டும் உலகம் முழுக்க நான்கு லட்சத்து இருபதாயிரம் பெண்களுக்கு அருகே புதிதாக வந்திருக்கிறது. பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பிறகு வருவது. மற்ற பல புற்றுநோய்களைப் போலச் சத்தமில்லாமல் வந்து உட்காரும் ரகமும் இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தம் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. நின்றுபோனது மறுபடியும் படும். அப்படிப் பட்ட எல்லாருக்கும் புற்றுநோய் இல்லை. பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும். அந்த ஒருத்தியைக் கர்ப்பப்பைக்குள் அடங்கியிருக்கும்போதே பிடித்துவிட்டால், ஐந்து ஆண்டு தாண்டி வாழ்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் என்பது அமெரிக்கக் கணக்கு. இவ்வளவு நாணயமாக முன்னறிவிப்புக் கொடுக்கும் நோய்க்குச் செவி கொடுக்க ஆள் இல்லை என்பதுதான் நம் ஊர்ச் சாதனை.

கேள்வி கேட்கவில்லை என்று அரசாங்கத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். தொற்றா நோய்த் திட்டத்துக்கென்று ஒரு தேசியப் படிவம் உண்டு. முப்பது வயது தாண்டியவர்களிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டு நிரப்ப வேண்டியது. பெண்களுக்கான பகுதியில், மார்பில் கட்டி உண்டா என்று தொடங்கி, மாதவிலக்கு நின்ற பின் ரத்தப்போக்கு உண்டா என்பதுவரை எல்லாம் இருக்கிறது. டெல்லியில் யாரோ ஒரு புண்ணியவான், அல்லது புண்ணியவதி, யோசித்துத்தான் சேர்த்திருக்கிறார்.

இனி அந்தக் கேள்வி திருச்சுழிப் பக்கத்துத் திண்ணைக்கு வந்து சேரும் அழகைப் பாருங்கள். காலை பத்தரை மணி. திண்ணையின் ஒரு முனையில் மாப்பிள்ளை செல்போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிர்வீட்டு அண்ணன் வேப்பமரத்தடியில் வண்டி துடைக்கிறார். படிவத்தோடு வந்த பெண் பக்கத்துத் தெருக்காரி, சொந்தமும்கூட. இன்றைக்குள் முடிக்க வேண்டிய வீடுகள் பாக்கி. ‘சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா’ என்று கணீரென்று கேட்டு வந்தவள் அந்த வரியில் வந்ததும் குரலை இறக்குகிறாள். ‘அது... நின்னதுக்கப்புறம்... ஏதும் பட்டுச்சா சித்தி?’ சித்தி மாப்பிள்ளையைப் பார்க்கிறாள். ‘இந்த வயசுல எனக்கென்னடி அதெல்லாம்.’ ‘அப்ப இல்லைன்னு போட்டுக்கவா சித்தி?’ போட்டுக்கொண்டாள். சித்தியின் பழைய நூல்சேலை ஒன்று நாலாகக் கிழிபட்டு, இரவில் துவைத்து, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள். மாதம் சில ஆயிரம் ஊக்கத்தொகைக்கு அவள் வெயிலில் அலைகிறாள். மூடிய கதவும் ஐந்து நிமிஷத் தனிமையும் வேண்டிய கேள்வியைத் திண்ணைக்கு அனுப்பிவைத்தவர்களுக்கு ஏசி அறை இருக்கிறது.

சரி, ஒருத்தி துணிந்து ‘ஆமா’ என்றே சொல்லிவிட்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்வார்கள். அங்கே இருப்பது கர்ப்பப்பை வாய்க்கான சோதனை: வினிகர் போன்ற அமிலத்தைத் தடவி, வெளுக்கிறதா என்று பார்ப்பது. கர்ப்பப்பை வாய்ப்புற்றுக்கு அது நல்ல சோதனைதான், இளம் வயதில். மாதவிலக்கு நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய இடமே உள்ளே ஒதுங்கிவிடும் என்பதால் வாய்க்கே அது நம்பத்தக்கதில்லை. உள்சுவரைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. வாசலைப் பார்த்து வீடு சுத்தம் என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவளும் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டு இருப்பாள். செய்ய வேண்டியதோ பெரிய வித்தை இல்லை. ஸ்கேனில் உள்சுவரின் தடிப்பைப் பார்ப்பது. நான்கு மில்லிமீட்டருக்கு மேல் என்றால் மெல்லிய பிளாஸ்டிக் குழலை நுழைத்துத் துளி திசு எடுப்பது. பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டாம், வெளிநோயாளியாக வந்து அன்றே வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் கர்ப்பப்பையைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. எடுக்க ஆள் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களிடம் 2019இல் அரசுக் குழு கணக்கெடுத்தபோது, 82,309 பேரில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. மாதத்தில் மூன்று நாள் வேலை கெடக்கூடாது, மேஸ்திரி அபராதம் போடக்கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். வேலைக்கு இடைஞ்சல் என்றால் முப்பது வயதில் அறுத்து எறியலாம். நோய் என்றால் அறுபது வயதிலும் எட்டிப் பார்க்க மாட்டோம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். மாதவிலக்கு நின்று ஏழெட்டு வருஷம் கழித்துப் பட்டது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஸ்கேன் பார்த்தார்கள், ‘சுவர் தடிச்சிருக்கு, எடுத்துருவோம்’ என்றார்கள். திசு எடுத்துப் பார்க்கவில்லை, நேரே கத்திதான். எடுத்ததை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ‘சொந்தக்காரங்க பார்த்துக்கங்க’ என்று மகன் கையில் கொடுத்தார்கள். பில்லுக்கு அத்தாட்சி வேண்டுமல்லவா. ‘இதை லேபுக்குக் குடுக்கணுமாங்கய்யா?’ என்று அவன் கேட்டான். ‘சாதாரணமாத்தான் இருக்கு, வேணும்னா குடுங்க.’

வேணும்னா! புற்றுநோயா இல்லையா என்பதை, சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பையனின் விருப்பத்துக்கு விட்டார்கள். அவனுக்கு வேணும் என்று தோன்றவில்லை. அடுத்த பொங்கலுக்குள் பெரியம்மாவுக்கு வயிறு வீங்கிவிட்டது.

அதே நேரத்தில் உலகம் எங்கே நிற்கிறது? 2013இல் ‘நேச்சர்’ இதழில், 373 கட்டிகளின் மரபணுக்களை அலசி, இந்த ஒரு புற்றுநோயை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். அதில் ஒரு வகை எனக்கு மிகவும் பிடித்தமானது. போலி என்ற மரபணு கெட்டு, உடம்பின் பிழைதிருத்தும் வேலை நின்றுபோய், ஆயிரக்கணக்கில் பிழைகள் குவிந்த கட்டி. நான்கிலும் அதிகம் கெட்டுப்போனது அதுதான். நான்கிலும் நன்றாகப் பிழைப்பதும் அந்த நோயாளிகள்தான். அவ்வளவு தப்புச் செய்தவனை உடம்பின் காவல்படை அடையாளம் கண்டு அடித்துவிடுகிறதாம். நம் பொதுவாழ்வுக்கு நேர் எதிர். பி53 என்ற மரபணு கெட்ட வகைதான் ஆளைக் கொல்வது. 2023இல் நோயின் கட்டங்களைப் பிரிக்கும் உலக விதியையே இந்த வகைகளைச் சேர்த்து மாற்றி எழுதினார்கள். எங்கள் பெரியம்மாவின் கட்டி எந்த வகை என்று கேட்டால், அது குப்பைத்தொட்டி வகை என்றுதான் சொல்ல முடியும்.

இந்த நோய் பரம்பரையாகவும் வரும். அந்த ஆராய்ச்சி ஆரம்பித்த இடம் ஒரு தையல்காரப் பெண்தான். 1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் அவர் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற மருத்துவரிடம், ‘எங்கள் குடும்பத்தில் எல்லாரும் புற்றுநோயில்தான் போகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன்’ என்ற பொருளில் சொன்னார். நம் ஊராக இருந்தால் ‘வாயைக் கழுவும்மா’ என்று அனுப்பியிருப்பார்கள். வார்த்தின் உட்கார்ந்து கேட்டார். அந்தப் பெண் சொந்தபந்தங்களின் சாவுக் கணக்கைச் சேகரித்துக் கொடுத்தார். 1913இல் வார்த்தின் அதை வெளியிட்டார். அந்தப் பெண் சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் போனார். பின்னால் ஹென்றி லிஞ்ச் அதே குடும்பத்தைத் தேடிப் பிடித்துத் தொடர்ந்தார். 2000இல் அந்தக் குடும்பத்தின் எம்எஸ்எச்2 என்ற மரபணுவில் பழுதைக் கண்டார்கள். இன்று அதற்கு லிஞ்ச் கூட்டுநோய் என்று பெயர். கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றுநோயாளிகள் நூறு பேரில் சுமார் மூன்று பேருக்கு அது இருக்கும். எம்எஸ்எச்2 பழுதுள்ள பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் வாழ்நாளில் இந்த நோய் வரலாம். பெருங்குடல் புற்றுநோய் தனி. அப்பன் வழியாகவும் வரும், ஆத்தா வழியாகவும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எங்கள் பக்கம் அக்காள் மகளைக் கட்டுவோம், மாமன் மகளைக் கட்டுவோம். ஒரே பழுதை இரண்டு பக்கமும் வாங்கிய பிள்ளைக்குச் சிறுவயதிலேயே புற்றுநோய் வரும் என்பது மருத்துவம் அறிந்தது. ஆனால் ‘உங்க குடும்பத்துல யாருக்காவது?’ என்று கேட்டால் வாய் திறக்காது. அத்தை ‘வயித்துக் கட்டி’யில் போனாள், அப்பத்தா ‘பெரும்பாடு’ வந்து போனாள், சித்தப்பா ‘மூலம் முத்தி’ப் போனார். உண்மையைச் சொன்னால் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது. பத்துப் பொருத்தம் பார்க்க ஜோசியர் இருக்கிறார், கட்டியில் நான்கு புரதங்களைச் சாயமேற்றிப் பார்த்து லிஞ்ச் சந்தேகத்தைச் சொல்லும் ஆய்வகத்துக்கு மதுரைக்குப் போக வேண்டும்.

காரணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1966இல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் வில்சன், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தின்றால் என்றும் இளமை என்று புத்தகம் போட்டார். மாத்திரைக் கம்பெனியின் பணம் அவருக்குப் போனது பின்னால் தெரிந்தது. 1975இல் வந்த இரண்டு ஆய்வுகள், தனி ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பைப் புற்றைக் கூட்டுகிறது என்று சொல்லிவிட்டன. நம் பெண்களுக்கு அந்த மாத்திரை வாங்க வசதி இல்லை. கம்பெனி இல்லாமலே அது நடக்கிறது. சினைப்பை ஓய்ந்த பிறகு உடம்புக் கொழுப்பே வேறு ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றித் தரும், அதை அடக்கும் புரொஜெஸ்டரோன் இராது, உள்சுவர் தடிக்கும். சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்ளும். ‘எடையைக் குறைம்மா’ என்று டாக்டர் அதட்டுகிறார். கரிசலில் குதிரைவாலி விளைவிப்பவள் தின்பது ரேஷன் அரிசி. அவள் விற்ற குதிரைவாலி, ‘சர்க்கரைக்கு நல்லது’ என்ற சீட்டு ஒட்டிச் சென்னையில் பாக்கெட்டில் இருக்கிறது.

முற்றிய பிறகும் மருந்து உண்டு. மரபணுப் பழுது திருத்த முடியாத வகைக் கட்டிகளுக்கு நோயெதிர்ப்பைத் தூண்டும் புதிய ஊசிகள் நன்றாக வேலை செய்வதாக 2023இல் இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. ஒரு தடவை ஏற்ற லட்சங்களில் ஆகும். சில வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 319 ரூபாய். நூறு நாளும் வேலை கொடுத்து, முழுக் கூலியும் கொடுத்தால் 31,900. இரண்டும் நடந்ததாகவே வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

திருச்சுழியில் பிறந்தவருக்குப் புற்றுநோய் வைத்தியம் புதிதில்லை. 1879இல் இங்கே பிறந்த வேங்கடராமன் ரமண மகரிஷியானார்; 1949இல் அவருக்கு இடது கையில் சார்கோமா என்ற புற்றுநோய் கண்டது. டாக்டர்கள் திருவண்ணாமலை ஆசிரமத்துக்கே வந்தார்கள். நான்கு முறை அறுத்தார்கள், ரேடியம் வைத்தார்கள். உடம்பு நான் இல்லை என்று சொன்ன மனிதருக்கு அவ்வளவும் தேடி வந்தது. எழுபத்தைந்து வருஷம் கழித்து, உடம்பைத் தவிர வேறு சொத்து இல்லாதவள் அவர் பிறந்த ஊரில் பஸ்ஸுக்கு நிற்கிறாள்.

இப்படிச் சொன்னால் கிராமத்துக்கு மருத்துவமே வருவதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வருகிறது. கால்நடை சுகாதார முகாம் என்று பேனர் கட்டி, ஆலமரத்தடிக்கே டாக்டர் வருகிறார். சினைப் பரிசோதனை, மலடு நீக்கும் சிகிச்சை, எல்லாம் இலவசம். ஒவ்வொரு மாட்டுக்கும் காதில் மஞ்சள் வில்லை, பன்னிரண்டு இலக்க எண். டாக்டர் தோள்வரை உறை மாட்டிக்கொண்டு, ஊரே பார்க்கப் பசுவின் கர்ப்பப்பையைச் சோதிக்கிறார். யாருக்கும் கூச்சமில்லை. மாப்பிள்ளைகூட ரீல்ஸை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறார். மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவளிடம் டாக்டர் கேட்கிறார், ‘எத்தனை நாளா வடியுதும்மா?’ அவள் உரத்த குரலில், ஒளிக்காமல், நிறத்தையும் நாற்றத்தையும் சேர்த்து விவரமாகச் சொல்கிறாள். டாக்டர் ஒவ்வொன்றையும் சீட்டில் குறித்துக்கொள்கிறார்.