நூலகக் களவியல்: பல்கலைக்கழக நூலகப் பயன்பாடு குறித்த ஓர் அகத்திணை ஆய்வு

ஆய்வுப் பொருளும் கருதுகோளும்

பல்கலைக்கழக நூலகத்தை எப்படி முழுமையாகப் பயன்படுத்துவது? இவ்வினாவுக்கு இதுகாறும் விடை சொன்னவர்கள் நூலகத் துறையினர். ஆண்டுதோறும் புது மாணவர்களை ஓர் அரங்கில் அமர்த்தி, திரையில் படம் போட்டுக் காட்டி, உறுப்பினர் அட்டை கொடுத்து அனுப்புகிறார்கள். அட்டையை வாங்கிக்கொண்டு மாணவர் கேண்டீனுக்குப் போகிறார். இந்த அணுகுமுறை பயன் தரவில்லை என்பது கண்கூடு. எனவே இச்சிக்கலை இலக்கணத்தின் துணைகொண்டு அணுக இவ்வாய்வு முனைகிறது.

வாசகன் தலைவன், நூல் தலைவி, நூலகர் தோழி. இதுவே கருதுகோள். வாசகர் பெண்ணாயினும் ஆய்வு வசதி கருதித் தலைவன் என்றே கொள்க. தோழி ஆணாயினும் அவ்வாறே.

"நூலகத்தின் தலையாய வளம் ஏசியும் மின்விசிறிக்கு அடியில் உள்ள நாற்காலியும் அன்றோ?" எனக் கடாவுவார் உளர். அற்றன்று. சித்திரை, வைகாசியில் அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் மார்கழியிலும் அதே நாற்காலியில் அதே மாணவர் உறங்குவதால், அது வளம் அன்று, வழக்கம் என்று கொள்ளப்படும்.

ஆய்வு எல்லை

இவ்வாய்வுக்கு எடுத்துக்கொண்ட நூலகத்தின் பெயர் சொல்லப்படவில்லை. அகத்திணையில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியர் விதி. விதி இருப்பது வசதியாகவும் இருக்கிறது.

முன்னோர் ஆய்வு

நூலகத் துறையின் இலக்கண ஆசிரியர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். தொடக்கத்தில் வேலை அலுத்துப்போய், பழையபடி வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். லண்டன் போய் நூலகவியல் படித்துத் திரும்பிய பின்னர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக்கினார். 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார்.

அந்த ஐந்தில் இரண்டும் மூன்றும் நமக்கு முக்கியம். ஒவ்வொரு வாசகனுக்கும் ஏற்ற ஒரு நூல் உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் ஏற்ற ஒரு வாசகன் உண்டு. தொல்காப்பியர் இப்படிப்பட்ட இருவரைச் சேர்த்துவைக்கும் பொறுப்பை ஊழிடம் ஒப்படைத்தார். ரங்கநாதன் பகுப்பெண்ணிடம் ஒப்படைத்தார். மேலும், ஒரு பொருளைப் பகுக்க அவர் கண்ட ஐந்து கூறுகளில் கடைசி இரண்டு இடமும் காலமும் ஆகும். தொல்காப்பியரின் முதற்பொருளும் நிலமும் பொழுதுமே. இந்த ஒற்றுமையிலிருந்து எதையும் நிறுவ முடியாது. ஆயினும் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதற்கு ஓர் இயல் தாராளமாகக் கிடைக்கும்.

இயல் ஒன்று: கூட்டம் நால்வகை

தலைவன் தலைவியைச் சேரும் வழி நான்கு. நூலைச் சேரும் வழியும் நான்கே.

ஒன்று, இயற்கைப் புணர்ச்சி. வேறு எதையோ தேடிப் போனவன் கண்ணில் ஒரு நூல் படுகிறது; எடுத்தவன் நின்றபடியே முப்பது பக்கம் படித்துவிடுகிறான். வாசகர் தாமே அடுக்குகளுக்குள் போய் எடுக்கலாம் என்ற ஏற்பாடு இருக்கும் நூலகங்களில் மட்டுமே இது நிகழும். சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் இடங்களில் இதற்கு வழியில்லை.

இரண்டு, இடந்தலைப்பாடு. நேற்று கண்ட அதே இடத்துக்கு இன்றும் போதல். ஒரு நல்ல நூல் கிடைத்த அடுக்கில் அதன் அண்டை வீட்டார் எல்லாரும் அதே பொருள் பற்றியவர்கள் என்பதால், இது மிகுந்த பயன் தரும் முறை. இடமும் வலமும் பத்துப் பத்து நூல்களைப் புரட்டிப் பார்க்காமல் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது.

மூன்று, பாங்கற் கூட்டம். விடுதி அறைத்தோழன் சொல்லிப் போதல். இந்தப் பாங்கன் பெரும்பாலும் நூலின் பெயரை மறந்திருப்பான். "பச்சை அட்டைடா, தடியா இருக்கும்" என்பது மட்டும் நினைவிருக்கும். நூலக மென்பொருளில் நிறத்தை வைத்துத் தேடும் வசதி கிடையாது.

நான்கு, தோழியிற் கூட்டம். இதற்குத் தனி இயல் உண்டு.

இயல் இரண்டு: குறியும் அல்லகுறியும்

தலைவனும் தலைவியும் சந்திக்கக் குறித்த இடம் குறி எனப்படும். நூலின் முதுகில் ஒட்டிய சீட்டில் உள்ள எண்ணே அக்குறி. நம் நூலகங்கள் பலவற்றில் இது 1876இல் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பின்படி அமைந்தது. 894.811 என்றால் தமிழ் இலக்கியம். 641.5 என்றால் சமையல். இரண்டு இலக்கங்கள் இடம் மாறி 614.5 ஆனால், நோய்த் தடுப்பு. செட்டிநாட்டுச் சமையல் நூலைத் தேடிப் போனவன் காலராவின் முன் நிற்பது இதனால்தான்.

எண்ணைத் தருவது ஓபேக் எனப்படும் கணினிப் பட்டியல். இதனிடம் தமிழ் நூலைக் கேட்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பட்டியல் ஆங்கில எழுத்தில் இருந்தால், சிலப்பதிகாரத்தை ஒருவர் எஸ் போட்டு ஏற்றியிருப்பார். மேலைநாட்டு நூலகங்களின் முறைப்படி இன்னொருவர் சி போட்டு ஏற்றியிருப்பார். நடுவில் வரும் 'தி'க்கு டி போட்டவரும் உண்டு, டிஎச் போட்டவரும் உண்டு. முதல் தேடலில் "எதுவும் கிடைக்கவில்லை" என்று திரை சொன்னால், நூல் இல்லை என்று பொருளன்று. ஏற்றியவரும் தேடியவரும் வேறு வேறு பள்ளியில் படித்தவர்கள் என்பதே பொருள். ஆசிரியர் பெயரால் தேடுக; பதிப்பகத்தால் தேடுக; தலைப்பின் ஒரே ஒரு சொல்லால் தேடுக.

இனி அல்லகுறி. தலைவன் தன் வருகையை உணர்த்தச் செய்யும் ஓசை தற்செயலாக வேறொன்றால் எழ, தலைவி வந்து பார்த்து ஏமாந்து திரும்புவது அல்லகுறிப்படுதல். நூலகத்தில் ஏமாறுவது தலைவன். 'இருப்பில் உள்ளது' என்று திரை சொல்கிறது. அடுக்கில் அந்த இடம் மட்டும் பல் விழுந்த வாயாக இருக்கிறது. காரணங்கள் மூன்று. படித்தவர் மேசையிலேயே விட்டுப் போயிருப்பார். அல்லது எடுத்தவரே, உதவி செய்வதாக எண்ணி, தம் மனம்போன அடுக்கில் செருகியிருப்பார். "எடுத்த நூலை மீண்டும் அடுக்காதீர், மேசையில் வைக்கவும்" என்ற பலகை இதற்காகவே தொங்குகிறது. மூன்றாவது காரணம், நாளைக்குத் தனக்கு வேண்டும் என்று சக மாணவர் ஒருவர் வேண்டுமென்றே ஒளித்திருப்பார். தேர்வுக்கு முந்தைய வாரம் இயற்பியல் பாடநூல்கள் சமய நூல்களுக்குப் பின்னால் குடியிருப்பதை இவ்வாய்வாளர் கள ஆய்வில் நேரில் கண்டிருக்கிறார்.

இயல் மூன்று: இரவுக்குறி

பகலில் சந்திப்பது பகற்குறி, இரவில் சந்திப்பது இரவுக்குறி. நூலகம் பூட்டிய பின்னும் வீட்டிலிருந்தே கணக்கில் நுழைந்து மின்னிதழ்களைப் படிப்பதே இக்காலத்து இரவுக்குறி. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. இத்தனை கோடி செலவில் ஒரு கட்டுரை காத்திருக்க, அதையே ஏதோ ஒரு டெலிகிராம் குழுவில் கெஞ்சி வாங்குபவனைத் தலைவன் என்று அழைக்கவே கூசுகிறது.

இரவுக்குறிக்கு நேரும் இடையூறுகளை உரையாசிரியர்கள் பட்டியலிட்டுள்ளனர். அவற்றுள் நான்கு இன்றும் மாறாமல் உள்ளன. ஊர் துஞ்சாமை: விடுதி முழுவதும் விழித்திருந்து கிரிக்கெட் பார்ப்பதால் வைஃபை நகராது. காவலர் கடுகுதல்: நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க, போக்குவரத்து விளக்கு உள்ள கட்டங்களைத் தொடச் சொல்லும் திரை. நாய் துஞ்சாமை: "லைட்டை அணைடா" என்னும் அறைத்தோழன். கோழி குரல் காட்டல்: கட்டுரை இறங்கும் நேரத்தில் 'உங்கள் அமர்வு முடிந்தது' என்னும் அறிவிப்பு.

காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்காவுக்கு இந்த இடையூறுகள் மிகக் குறைவு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் அங்கே யாரும் இலவசமாகப் படிக்கக் கிடக்கின்றன. ஆய்வுத் தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன் ஒருமுறை எட்டிப் பார்த்தால், அதே தலைப்பில் ஏற்கெனவே மூவர் பட்டம் வாங்கியது தெரியவரும். பதிவு செய்த பின் பார்ப்பது மன அமைதிக்கு நல்லதன்று.

இயல் நான்கு: தோழியிற் கூட்டம்

அகப்பாட்டில் தலைவன் தோழியிடம் நேரே வந்து "உன் தலைவியைப் பார்க்க வேண்டும்" என்று கேட்க மாட்டான். "அம்பு பட்ட மான் ஒன்று இப்பக்கம் வந்ததா?" என்பான். அவன் தேடுவது மானையன்று என்பதைத் தோழி குறிப்பால் உணர்வாள். இதற்கு மதியுடம்படுதல் என்று பெயர். இதையே நூலகவியலார் குறிப்புதவிச் சேவை என்பர். களத்தில் கிடைத்த தரவு ஒன்று:

"மேடம், இந்து மதம் செக்‌ஷன் எங்க இருக்கு?"

"ரெண்டாவது மாடி, 294.5. என்ன வேணும் தம்பி?"

"சும்மா பாக்கலாம்னு."

"அசைன்மென்ட்டா?"

"புராஜெக்ட் மேடம். நாட்டார் தெய்வம்."

"எந்த சாமி?"

"சுடலைமாடன். எங்க ஊரு சாமிதான்."

"திருநெல்வேலிப் பக்கமா? அப்ப நீ 294.5க்கு மட்டும் போனா பாதிதான் கிடைக்கும். 398ல நாட்டார் வழக்காறு பாரு. 306ல சமூகவியல்காரங்க எழுதுனது இருக்கும். 954.82ல மாவட்ட வரலாறு. ரெஃபரன்ஸ்ல பேட் எழுதுன 1917ஆம் வருஷத்துத் திருநெல்வேலி கெசட்டியர் இருக்கு, அத வெளிய தர மாட்டோம், இங்கயே உக்காந்து பாரு. வில்லுப்பாட்டு தேடுனியா?"

தேடவில்லை. இந்த உரையாடல் இரண்டு நிமிடத்துக்கு மேல் நீளவில்லை. கவனிக்க: மான் எங்கே என்று கேட்டு வந்தவனிடம் மூன்று கேள்விகளில் தலைவியின் ஊரும் பேரும் வாங்கப்பட்டன. ஒரே சுடலைமாடனைப் பகுப்பெண் நான்கு அடுக்குகளில் பிரித்து வைத்திருக்கிறது. அவரை ஒன்றுசேர்க்க எந்தத் தேடுபொறியாலும் எளிதில் ஆகாது. வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது ரங்கநாதனின் நான்காம் விதி. அவ்விதி நூலகத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பெரும்பாலும் யாரும் வராமல், பருவ இதழ்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்கிறது.

தோழி தலைவனை அலைக்கழிப்பது சேட்படை எனப்படும். "இருப்புச் சரிபார்ப்பு நடக்குது, அடுத்த வாரம் வாங்க" என்பது அவ்வகை. இதற்கு மனம் தளரும் தலைவன் அகப்பாட்டில் இல்லை. அந்நூல் இங்கு இல்லையெனில் பிற நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருமாறு கேட்கலாம். 1988இல் டில்லியில் தொடங்கிய டெல்நெட் போன்ற கூட்டமைப்புகள் அதற்காகவே உள்ளன. இது தூது. உங்கள் நூலகம் அதில் உறுப்பினரா என்பதும் தோழிக்கே தெரியும்.

இயல் ஐந்து: கற்பு முதலிய பிற

கவுன்ட்டரில் பதிந்து, தேதி முத்திரை வாங்கி, ஊரறிய எடுத்துச் செல்வது கற்பு. தவணை கடந்தும் திருப்பாமல் பெயர் அறிவிப்புப் பலகைக்கு வருவது அலர். பதியாமலே சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோவதை நூலக விதிகள் திருட்டு என்கின்றன; அகமரபு உடன்போக்கு என்று மென்மையாகச் சொல்லும். ஆண்டுக்கணக்கெடுப்பில் அடுக்கு அடுக்காகத் தேடி அலையும் ஊழியரே செவிலித்தாய்.

முடிவுகள்

1. நூலகத்தில் நூல் தேடிக் களைப்பவர் பலர்; ஆளைத் தேடுபவர் சிலர்.

2. அடுக்கு, பட்டியல், மின்னிதழ், தூது ஆகிய அனைத்தும் தோழியின் வழியாகவே விரைந்து கைகூடும். முதற் பருவத்திலேயே அவரிடம் ஒரு பொய்க் காரணம் சொல்லியாவது பேச்சுக் கொடுத்து வைப்பது நலம்.

3. கள ஆய்வில் கண்ட பெரும்பான்மை ஆய்வாளர்கள் நூலகரிடம் முதன்முதலாகப் பேசுவது, ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பின் நோ டியூ சான்றிதழ் வாங்கும் நாளில். அவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "என்ன தலைப்புல பண்ணீங்க?" என்று கேட்பார். இவர் சொல்வார். பேனா நிற்கும். "அடடா, அதுக்கு மூணாவது மாடியில ஒரு ரேக்கே இருக்கே!"

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என ஆசிரியர் வகுத்தது இந்நிலையை நோக்கியே என்பது இவ்வாய்வாளரின் துணிபு.