பூசலார் காலண்டர் மோதல்: ஓர் ஆய்வு

ஒரே நாளில் இரண்டு மீட்டிங் முட்டிக்கொள்ளும் வியாதி, 1997-இல் அவுட்லுக் வந்த பிறகு பரவியது என்பது அலுவலக வட்டாரத்தின் பொதுக் கருத்து. அது தவறு. பல்லவர் காலத்திலேயே திருநின்றவூரில் அது கண்டிருக்கிறது. சாட்சி, சேக்கிழார்.

வழக்கு இது. பூசலாருக்குச் சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. கேட்ட இடத்திலும் கிடைக்கவில்லை. ஆகவே மனத்துக்குள்ளேயே தச்சரைச் சேர்த்து, நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டு, இரவிலும் கண்ணுறங்காமல் சிகரம், மதில், கிணறு, குளம் எல்லாம் முடித்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளைக் காஞ்சியில் காடவர்கோன் தன் கற்றளிக்குக் குறித்திருந்தான். அவனை ராஜசிம்மன் என்றும், கோயிலைக் கைலாசநாதர் கோயில் என்றும் சொல்வது வழக்கம்.

கோளாறு எங்கே? அனுமதி அமைப்பில். காலண்டரைப் பகிரும்போது அவுட்லுக் படிப்படியாகக் கேட்கும்: பிஸியா இல்லையா என்பது மட்டும் தெரியட்டுமா, தலைப்பும் இடமும் தெரியட்டுமா, முழு விவரமுமா, திருத்தவும் விடலாமா என்று. மன்னனுடையது ஊரறிந்த முழு விவரம். பூசலாரோ ஒருவருக்கும் பகிரவில்லை. ‘பிரைவேட்’ என்று குறித்தால்கூட அந்த நேரத்தில் ஏதோ வேலை இருக்கிறது என்றாவது மற்றவருக்குத் தெரியும். இவர் விஷயத்தில் அதுவும் இல்லை. இரண்டு காலண்டரையும் ஒன்றாகப் பார்க்கும் அதிகாரம் அட்மினுக்கு மட்டுமே இருந்தது. இங்கே அட்மின், சிவபெருமான்.

அவர் முதல் நாள் இரவு மன்னன் கனவில் வந்து, நாளை நின்றவூர்ப் பூசலார் கோயிலில் புகப்போகிறோம், உன் நாளைத் தள்ளி வை என்றார். ரிமைண்டர் வரலாற்றில் ஸ்னூஸ் வசதி இல்லாதது இது ஒன்றுதான் என்பது என் துணிபு.

மன்னன் நேரில் வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று விசாரித்தான். அப்படி ஒரு கோயிலே இல்லை என்றார்கள் ஊரார். கட்டாத கோயிலுக்கு ஒரு நாளை ஒதுக்குவது செல்லுமா என்று இங்கே சிலர் மறுப்பு எழுப்பலாம். அவர்கள் திருநின்றவூரிலிருந்து ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டிலோ, வேறு திசையில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ ஏதாவது ஒரு கம்பெனியின் கான்ஃபரன்ஸ் ரூமை எட்டிப் பார்க்கட்டும். காலண்டரில் ‘பிஸி’, உள்ளே ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். விசாரித்தால், வாராவாரம் வரும்படி அந்த மீட்டிங்கைப் போட்டவர் எப்போதோ வேலையை விட்டிருப்பார். அழைக்கப்பட்டவர் தன் காலண்டரிலிருந்து மட்டுமே அதை நீக்க முடியும். மொத்தமாக ரத்து செய்வது, போட்டவர் கையில். அவரோ ஃபுல் செட்டில்மெண்ட் வாங்கிக்கொண்டு போயாயிற்று. பூசலார் கோயிலில் கட்டியவராவது உள்ளே இருந்தார்.

இந்த வழக்கின் உண்மையான அதிசயம் கனவு அல்ல; நாளை மாற்றிக்கொண்டவன் யார் என்பது. ஜி.எம். ஒரு நேரம் குறித்தால் சூப்பர்வைசரின் மீட்டிங் நகரும். அந்த நேரத்தைக்கூட ஜி.எம். குறிக்க வேண்டாம், அவருடைய டெலிகேட்டே பார்த்துக்கொள்வார். திருநின்றவூரில் கல்லும் ஆளும் பொன்னும் வைத்திருந்தவன் நகர்ந்தான். காசே இல்லாதவர் நாள் நின்றது. ‘வேறு நேரம் சொல்லுங்கள்’ என்ற பொத்தானைக்கூட மன்னன் தொடவில்லை. பூசலாரைத் தேடிப் போய் வணங்கிவிட்டுத் திரும்பினான்.

பின்னாளில் அங்கே இருதயாலீசுவரர் கோயில் கல்லிலேயே எழுந்தது. கருவறையில் பூசலாரும் இருக்கிறார். அங்கே பிரதோஷத்துக்குப் போகிறவர்கள் அதை அவுட்லுக்கில் தொடர் நிகழ்வாகப் போட்டுப் பார்க்கலாம். தினம், வாரம், மாதம், வருடம் என்று நான்கு வழி காட்டும், திரயோதசி இருக்காது. தினசரி காலண்டரைச் சுவரிலேயே விட்டுவையுங்கள்.