கவசத்துக்குள் இருந்தவர் யார்?

கேள்வி: கோட்டை, குதிரை, கவசம் என்று வரும் ஐரோப்பிய நைட் (கவசக் குதிரைவீரர்) நாவல்களுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் யார்?

பதில்: ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சர் வால்டர் ஸ்காட். 1814-ல் ‘வேவர்லி’ மூலம் சரித்திர நாவலுக்கு ஓர் உருவம் கொடுத்தவர், 1819 டிசம்பரில் வெளியான ‘ஐவன்ஹோ’வில் இடைக்கால இங்கிலாந்துக்குள் புகுந்தார். கதை நடக்கும் ஆண்டு 1194. சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் ஆஸ்திரியாவில் பிடிபட்ட மன்னர் ரிச்சர்ட், பெருந்தொகை கொடுத்து விடுதலையாகி நாடு திரும்பும் நேரம் அது. மன்னரைப் பின்வரிசையில் நிறுத்திவிட்டு, ஐவன்ஹோ என்ற கற்பனை இளைஞனை முன்னால் நடக்கவிட்டார் ஸ்காட். மன்னரின் முடிவு வாசகருக்குத் தெரியும்; இளைஞனின் முடிவு தெரியாது. பக்கத்தைப் புரட்ட வைப்பது அந்தத் தெரியாமைதான்.

கேள்வி: இந்த உத்தி தமிழுக்கும் வந்ததா?

பதில்: வந்தது, வந்து நிலைத்தும் விட்டது. கல்கியின் சரித்திர நாவல்களில் ஸ்காட், பிரெஞ்சு நாவலாசிரியர் டூமா இருவரின் தாக்கத்தையும் விமர்சகர்கள் பலர் சுட்டியிருக்கிறார்கள். 1950-ல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னில் அரியணைக்கு உரியவர்கள் ஒருபுறம் இருக்க, கதையை இழுத்துச் செல்பவன் வந்தியத்தேவன். பெயர் கல்வெட்டில் உண்டு. வாழ்க்கை பெரும்பாலும் கற்பனை.

கேள்வி: ‘ஐவன்ஹோ’வில் சொல்வதெல்லாம் வரலாறா?

பதில்: முழுவதும் இல்லை. நார்மன்களும் சாக்ஸன்களும் தீராப் பகையில் இருப்பதாக நாவல் சொல்கிறது. நார்மன்கள் இங்கிலாந்தை வென்றது 1066-ல். அடுத்த 128 ஆண்டுகளில் கொள்வினை கொடுப்பினையால் அந்தப் பகை பெரிதும் ஆறிப்போயிருந்தது. ஆனால் யூதப் பெண் ரெபெக்காவை வைத்து ஸ்காட் சொல்லும் செய்தியில் பொய் இல்லை. 1190-ல் யார்க் நகரில் யூதர்கள் கூட்டமாக மாண்டது வரலாறு. காயம்பட்டுப் படுத்திருக்கும் ஐவன்ஹோவுக்கு, சன்னலோரம் நின்று கோட்டைச் சண்டையை வர்ணிப்பவள் ரெபெக்கா. வீரப்புகழ் பேசும் அவனிடம், இத்தனை ரத்தம் சிந்தி என்ன மிஞ்சுகிறது என்று கேட்பவளும் அவள்தான். நாவலின் மிகச் சிறந்த போர்க் காட்சியும், போருக்கு எதிரான மிகச் சிறந்த கேள்வியும் ஒரே அறைக்குள் நடக்கின்றன.

கேள்வி: கவசம் அணிந்த நைட்டைப் பாரம்தூக்கி வைத்துத்தான் குதிரையில் ஏற்றினார்களாமே?

பதில்: அது சினிமாவில் நடந்தது. லாரன்ஸ் ஒலிவியரின் 1944-ஆம் ஆண்டுப் படமான ‘ஐந்தாம் ஹென்றி’ அந்தக் காட்சியை உலகெங்கும் பரப்பியது. 15-ஆம் நூற்றாண்டின் முழு எஃகுக் கவசம் சுமார் 20 முதல் 25 கிலோ. எடை உடல் முழுவதும் பரவியிருப்பதால் நடக்கலாம், ஓடலாம், விழுந்தால் எழலாம். பிரெஞ்சு மார்ஷல் பூசிக்கோ தலைக்கவசம் தவிர மற்றதெல்லாம் அணிந்தபடி குட்டிக்கரணம் போட்டதாகவும், சாய்த்து வைத்த ஏணியின் அடிப்பக்கம் கைகளாலேயே ஏறியதாகவும் அவர் காலத்து வாழ்க்கை வரலாறு கூறுகிறது. போர்வாளும் பலர் நினைப்பதுபோல் தூக்க முடியாத இரும்பு அல்ல. ஒருகை வாளின் எடை பெரும்பாலும் ஒன்றேகால் கிலோ அளவுதான். கவசம் தந்த உண்மையான தொல்லை சூடும் மூச்சுத் திணறலும்.

கேள்வி: அப்படிப்பட்டவர்களைச் சாதாரண வில்லாளிகள் எப்படி வென்றார்கள்?

பதில்: பயிற்சி, நிலம், எதிரியின் அவசரம் ஆகிய மூன்றும் சேர்ந்து. பண்டிகை நாட்களில் ஆண்கள் வில் பழக வேண்டும் என்று இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்ட் 1363-ல் ஆணையிட்டார். 1545-ல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ என்ற ஆங்கிலப் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. அவற்றில் பலவற்றை முழுதாக இழுக்க 45 கிலோவுக்கு மேற்பட்ட விசை வேண்டும். அக்கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றின் தோள்பட்டை எலும்பில் காணும் மாறுதலைச் சிறுவயது முதல் வில் பழகியதோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள்.

1415 அக்டோபர் 25 அன்று பிரான்ஸின் அஜின்கோர்ட்டில் ஆங்கிலேய வில்லாளிகளுக்கு நிலமும் கைகொடுத்தது. உழுத வயல், இரவெல்லாம் மழை, இருபுறமும் காடு. பிரெஞ்சு நைட்டுகள் சேற்றில் கால் புதைய நடந்து வந்தார்கள். பின்வரிசை நெருக்கியதால் முன்வரிசைக்கு வாள் ஓங்கவே இடமில்லை. விழுந்தவர்மேல் விழுந்து மாண்டார்கள். அம்பு கொன்றது ஒருபுறம், சேறும் நெரிசலும் கொன்றது மறுபுறம்.

கேள்வி: இடைக்காலப் போர் என்றாலே இப்படிப்பட்ட களங்கள்தானா?

பதில்: பெருங்களங்கள் அரிது, முற்றுகையும் கொள்ளையும்தான் அன்றாடம். 1346-ல் இங்கிலாந்தும் பிரான்ஸும் மோதிய கிரெஸி போர் ஒரே நாளில் முடிந்தது. அதைத் தொடர்ந்த கலே முற்றுகைக்கு ஏறத்தாழ 11 மாதம் பிடித்தது. மன்னர் ரிச்சர்ட் 1199-ல் இறந்ததும் பெரும்போரில் அல்ல. ஷாலூ என்ற சிறு கோட்டையை முற்றுகையிட்டபோது பாய்ந்த குறுக்குவில் அம்பால், புண் புரையோடி. 1355-ல் பிளாக் பிரின்ஸ் எனப்பட்ட இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட் தெற்குப் பிரான்ஸின் குறுக்கே ஊர் ஊராக எரித்துக்கொண்டே சென்றார். எதிரி மன்னரின் வரிப்பணத்தை அழிப்பது நோக்கம். அழிந்தது குடியானவரின் களஞ்சியம்.

கேள்வி: நைட்டுகளின் வீரநெறி வெறும் கதையா?

பதில்: கதையல்ல, ஆனால் அது தங்கள் வர்க்கத்துக்குள் புழங்கிய நெறி. 1356-ல் புவாத்தியே போரில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்ட பிரெஞ்சு மன்னர் ஜானுக்கு 30 லட்சம் தங்கக் காசு மீட்புத் தொகையாகக் குறிக்கப்பட்டது. பிணையாக இருந்த மகன் தப்பியோடியதும், கொடுத்த வாக்கைக் காக்க மன்னர் தாமே லண்டனுக்குத் திரும்பி, 1364-ல் அங்கேயே இறந்தார். அந்த நெறியின் எல்லையை அஜின்கோர்ட் காட்டியது: எதிரி மீண்டும் தாக்குவான் என்ற அச்சத்தில், சரணடைந்தவர்களைக் கொல்ல இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றி ஆணையிட்டார். மீட்புத் தொகை கொடுக்க வழியில்லாத ஏழைப் போர்வீரனுக்கோ எந்நாளும் அந்த நெறி காவலாக இருந்ததில்லை.

கேள்வி: ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயிலும் நைட் கதை எழுதினாரா?

பதில்: எழுதினார், தம் சரித்திர நாவல்களையே உயர்வாகவும் கருதினார். ‘தி ஒயிட் கம்பெனி’ 1891-ல் தொடராக வந்தது. அதில் வரும் சர் நைஜல் குள்ளமானவர், வழுக்கையர். முற்றுகை ஒன்றில் கொட்டப்பட்ட சுண்ணாம்பால் பார்வை மங்கியவர். தோற்றத்தில் நாயகனே அல்லாத ஒருவரை நாயகனாக்கியது டாயிலின் சாமர்த்தியம். கொடுமை தாங்காத பிரெஞ்சுக் குடியானவர்கள் கோட்டையைத் தாக்கி எரிக்கும் அத்தியாயமும் அதில் உண்டு. 1358-ல் பிரான்ஸில் வெடித்த உண்மையான குடியானவர் கிளர்ச்சியின் நிழல் அது.

கேள்வி: புதிதாகப் படிப்பவர் எங்கே தொடங்கலாம்?

பதில்: வேகம் வேண்டுவோர் பெர்னார்ட் கார்ன்வெல்லின் ‘ஹார்லிக்வின்’ (2000) அல்லது ‘அஸின்கோர்ட்’ (2008) நாவலில் தொடங்கலாம். இரண்டிலும் நாயகன் வில்லாளி. கவசத்தை உள்ளிருந்து பார்க்காமல் எதிரே நின்று பார்க்கும் கதைகள் அவை. பசி, சேறு, வயிற்றுப்போக்கு எதையும் மறைப்பதில்லை. பிறகு டாயில், நிதானமான நடைக்குப் பழகியபின் ஸ்காட். எந்த நாவலை எடுத்தாலும் அதில் எரியும் ஊர் யாருடையது என்று பார்த்துவிட வேண்டும். அந்த ஊர்க்காரருக்கும் ஒரு முகம் கொடுத்திருக்கும் நாவலே நல்ல நாவல்.