சார், சந்தா முடியப் போகுது!

கார் பத்திரிகை படிக்கக் கார் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. என்னிடம் இருப்பது மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர். 2014 ஜனவரியில் கம்பெனியே இந்த மாடலைக் கைகழுவிவிட்டது. நான்தான் இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் மாதம் பிறந்தால், மூன்று நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் ஏதோ ஓர் இத்தாலியக் காரின் சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கம் என்று படித்து, "நம்ம ரோட்டுக்கு ஒத்துவராது" என்று அதைத் தள்ளிவிட்ட பிறகுதான் எனக்குக் காபி இறங்கும். கோடி ரூபாய் காரை வேண்டாம் என்று சொல்கிற சுகம் அதை வாங்கினவனுக்குக் கிடைக்காது.

கடையில் காசு கொடுத்து வாங்கிய வரைக்கும் வம்பில்லை. ஒரு மாதம் நடுப்பக்கத்தில் அட்டை ஒன்று செருகியிருந்தது. சந்தா கட்டினால் பாதி விலை, கூடவே கூலிங்கிளாஸ் இலவசம். பெயருக்கு ஒரு கட்டம், விலாசத்துக்கு ஒரு கட்டம், மொபைல் நம்பருக்கு ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்துக்காகத்தான் மற்ற கட்டங்களையே அச்சடிக்கிறார்கள்.

பாதி விலைக்குக் கொடுத்தால் பாவம், எப்படிப் பிழைப்பார்கள் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். வழவழ தாளில் அச்சாகும் பத்திரிகைக்கு அட்டையில் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் கட்டுப்படியாகாது. காசு விளம்பரத்தில் இருக்கிறது. விளம்பரம் கொடுக்கிற டயர்க்காரர், "எத்தனை பேர் படிக்கிறாங்க?" என்று கேட்பார். அந்த எத்தனை பேரில் நானும் ஒருத்தன். பத்திரிகையை எனக்கு விற்கிறார்கள் என்பது என் நினைப்பு. அவர்கள் விற்பது என்னை, டயர்க்காரரிடம். சரக்கு நழுவிப் போகிறதென்றால் எந்த வியாபாரி சும்மா இருப்பான்?

அதனால் சந்தாவுக்கு இன்னும் அரை வருஷம் பாக்கி இருக்கும்போதே போன் வந்துவிடும்.

"சார், உங்க சந்தா முடியப் போகுது சார்."

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்வது போலிருக்கும் அந்தக் குரல்.

"இப்பவே மூணு வருஷத்துக்குப் புதுப்பிச்சா டிராவல் பேக் ஃப்ரீ சார்."

கிரெடிட் கார்டு விற்பவர்களிடம் 'வண்டி ஓட்டிட்டிருக்கேன்' என்றால் விட்டுவிடுவார்கள். கார் பத்திரிகைக்காரர்களிடம் அதைச் சொல்லக் கூடாது.

"ஓ, என்ன வண்டி சார்?"

"மாருதி எண்ணூறு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ரொம்பக் கனிவாக, "அப்ப உங்களுக்குக் கண்டிப்பா எங்க பத்திரிகை தேவை சார்."

சர்க்கார் இதற்கெல்லாம் வழி வைத்திருக்கிறது. 1909-க்கு ஒரு எஸ்.எம்.எஸ். தட்டினால் போதும். தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2010-ல் போட்ட விதிகளில் வியாபார அழைப்புகளை ஏழு வகையாகப் பிரித்திருந்தார்கள், வேண்டாததை அடைத்துக்கொள்ளலாம். ஐந்தாவது வகையில் நுகர்பொருளும் வாகனமும். ஆறாவதில் பொழுதுபோக்கு, ஒளிபரப்பு, ஐ.டி. இத்யாதி. கார் பத்திரிகை இதில் எது? என் விஷயத்தில் காரே பொழுதுபோக்குதான் என்பதால் குழப்பம் இன்னும் கூடியது. எதற்கு வம்பு என்று பூஜ்யம் போட்டு எல்லாவற்றையும் அடைத்தேன். கடன் கொடுக்கிறவர்களும் பிளாட் விற்கிறவர்களும் ஓரளவு அடங்கினார்கள். சந்தாப் பெண் அடங்கவில்லை.

"நாங்க விளம்பரத்துக்குக் கூப்பிடலையே சார். நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர்."

பதிவு பெற்ற விற்பனைக்காரர்கள் 140-ல் தொடங்கும் எண்ணிலிருந்து கூப்பிட வேண்டும் என்பது விதி. குடும்பத்துக்குள் விதி ஏது? சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து, அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டார்கள்.

இதற்கு விடிவு மாமனார் உருவத்தில் வந்தது. கண் ஆபரேஷனுக்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். படிக்கக் கூடாது, டி.வி. பார்க்கக் கூடாது என்றார் டாக்டர்; பேசக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. நான் குளிக்கப் போன நேரம் பார்த்து போன் அடித்தது.

"மாப்பிள்ளை குளிக்கிறாரும்மா. என்கிட்டச் சொல்லு. கார் பத்திரிகையா? ஹெரால்டைப் பத்தி எப்பப் போட்டீங்க?"

"எது ஐயா?"

அந்தப் பெண் அதைக் கேட்டிருக்கக் கூடாது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 1961-லிருந்து இதே மெட்ராஸில் தயாரான வண்டி, மாமனார் வாழ்நாளில் வைத்திருந்த ஒரே கார். முதலில் அதற்கு இரண்டே கதவு. கல்யாண மண்டப வாசலில் பட்டுப்புடவையோடு பெரியத்தை பின்சீட்டிலிருந்து இறங்கியதைப் பார்க்கக் கூடிய கூட்டம் மாப்பிள்ளை அழைப்புக்குக்கூடக் கூடவில்லை. அப்புறம் நாலு கதவு வைத்தார்கள், அது அசல் ஹெரால்டைச் செய்த இங்கிலாந்துக்காரனுக்கே கிடையாது. பானெட் அப்படியே முன்பக்கமாகச் சாயும், முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினில் கை வைக்கலாம். நான் குளித்து, உடுத்தி, இட்லியும் சாப்பிட்டு முடித்தபோது பேச்சு கார்புரேட்டருக்கு வந்திருந்தது. ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல் ஈனமாகக் கேட்டது.

"ஐயா... எனக்கு ஒரு மீட்டிங் இருக்குங்க ஐயா. நான் அப்புறமாக் கூப்பிடறேன்."

கூப்பிடவில்லை. வேறொரு நாள் மேனேஜர் என்று ஓர் ஆள் போனில் வந்தார். எடுத்த எடுப்பில், "வீட்டுல பெரியவர் இருக்காருங்களா?" என்றார். இருக்கிறார் என்றேன். அத்தோடு சரி.

பிறகு பத்திரிகையோடு மரியாதையாக ஒரு படிவம் மட்டும் தபாலில் வந்தது. ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று மூன்று கட்டம். தொல்லை விட்டது என்று மூன்றாவது கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனேன்.

"ஒரு வருஷமே போடுங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார், சொட்டு மருந்து விட்ட கண்ணைத் திறக்காமல். "மூணு வருஷம் கட்டிட்டா அதுவரைக்கும் ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க."