பரண் மேல் யார்?

ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் பரண் கட்டிக் காட்டுப்பன்றி வேட்டையாட ஆசை. எத்தனை அடி உயரம் வேண்டும்?
*(வாசகர், தஞ்சோங் மாலிம்)*

முதல் படி, மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் லைசென்ஸ். அது இல்லாமல் ஏறினால், 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே உங்களை இறக்கிவிடும்! உயரத்தைவிடக் காற்றைப் பாருங்கள். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு மகா கூர்மை. அது வரும் தடத்தை நோக்கி உங்கள் வாசம் போனால், மரத்தின் உச்சியில் உட்கார்ந்தாலும் கொசுக்கடிதான் மிச்சம். பலகைக்கடியில் சாக்கு விரியுங்கள். கால் மாற்றும்போது ஒரு கிறீச் கேட்டாலும் அன்றைய ராத்திரி முடிந்தது.

ராத்திரி முழுக்கப் பரணில் இருந்தால் தூக்கம் வராதா?

1926 மே மாதம் ருத்ரப்பிரயாகையில் ஒரு மாமரத்துப் பரணில் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் தூங்கவில்லை. கீழே கட்டியிருந்த ஆட்டின் கழுத்து மணி கிணுகிணுத்தது, டார்ச் எரிந்தது, 125 பேரைக் கொன்ற சிறுத்தை விழுந்தது. அந்த மணிச்சத்தத்துக்கு நீங்கள் விழிப்பீர்களா?

துப்பாக்கியே இல்லாமல் பரணில் என்ன வேலை?

தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் கேட்டுப் பாருங்கள். அங்கே பும்புன் கும்பாங் என்ற கால் நட்ட மறைவிடத்தில் ராத்தங்கி, உப்பு மண் நக்க வரும் தாப்பிரைப் பார்க்கலாம். அந்தக் காட்டைக் காக்கப் போராடிய தியோடோர் ஹப்பாக், முன்னாள் வேட்டைக்காரர்! மலாயாப் புலிகள் இன்று காட்டில் 150க்கும் குறைவு. பரணில் ஏறுகிறவர் கையில் கேமரா இருப்பதையே நான் விரும்புகிறேன்.