துடைப்பால் வரும் கேடு: சித்தூர், திருப்பதி வட்டாரத்துப் பழைய கார்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய கார் விற்கிற இடத்தில் காதில் விழும் வாக்கியங்களில் மெய்யானது ஒன்றே ஒன்றுதான். "சிங்கிள் ஓனர் சார்" என்பதற்கு ஆர்.சி. புத்தகம் வேறு கதை சொல்லும். "டாக்டர் வண்டி" என்பதை அப்படியே ஏற்றால், திருப்பதியில் மருத்துவம் பார்ப்பவர் ஒவ்வொருவரும் ஆளுக்கு இருபது கார் வைத்திருந்தார் என்று முடிவுகட்ட நேரும். "நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கு" என்பதை வழுக்கையாகிப்போன பிரேக் பெடல் ரப்பர் மறுக்கும். "தினம் காலைல துடைச்சு வெச்ச வண்டி சார்" என்பது மட்டும் சத்தியமான பேச்சு. சித்தூருக்குப் பக்கத்தில் காணிப்பாக்கம் இருக்கிறது. அங்கே பொய்ச் சத்தியம் செய்தவனை வரசித்தி விநாயகர் சும்மா விடமாட்டார் என்பது ஊர் நம்பிக்கை. அந்தச் சந்நிதியில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, கை நடுங்காமல் புரோக்கர் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லலாம். சொல்பவர் இதைப் பெருமையென்று சொல்கிறார், வாங்குபவரும் பெருமையென்றே கேட்டுக்கொள்கிறார். அது குற்ற ஒப்புதல் என்பது இக்கட்டுரையின் மேற்கோள். காரின் பெயின்ட்டைக் கெடுப்பது அழுக்கு அல்ல, துடைப்பு.

ஒன்றை அறியும் வழிகளாக, காட்சி, கருதல், உரை என்று சைவ சித்தாந்தம் சொல்லும் அளவைகள் மூன்று. உரை அளவை பழைய கார் விஷயத்தில் எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்த்தாகிவிட்டது. காட்சிக்கு வருவோம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள், ஏ.பி. 03 என்று தொடங்கும் எண் பலகை தாங்கிய கார். சித்தூர் மாவட்டத்துக்குரிய அந்த எண்ணைப் புதிய வண்டிகளுக்குக் கொடுப்பது, 2019இல் ஆந்திரம் முழுவதற்கும் ஏ.பி. 39 என்ற ஒரே வரிசை வந்ததோடு நின்றது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமான பிறகும் அந்தக் கார்கள் பழைய பலகையோடுதான் அலிபிரி வழியே திருமலைக்கு ஏறுகின்றன. ஆகவே ஏ.பி. 03 கார் எதுவானாலும் அதன் மேல் ஆயிரக்கணக்கான காலைகளில் துணி ஓடியிருக்கும் என்று கருத இடமுண்டு. அந்தக் காரை வெயிலில் நிறுத்தி, அல்லது இரவில் கைபேசி டார்ச்சைப் பானெட்டின் மேல் பிடித்துப் பார்த்தால், வெளிச்சம் விழும் இடத்தைச் சுற்றி வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். தொழிலில் இதை ஸ்வர்ல் மார்க் என்பார்கள். விற்கிற இடத்தில் ஏன் தெரியவில்லை என்றால், அங்கே காரை நிழலில் நிறுத்தியிருப்பார்கள். எண்ணெய்ப் பசையுள்ள பாலீஷ் வேறு கீறல்களை நிரப்பியிருக்கும். நாலு முறை வாட்டர் சர்வீஸுக்குப் போய் வந்தால் பாலீஷ் போய்விடும், கீறல்கள் திரும்பி வரும். மரமோ பறவையோ மழையோ இப்படிக் கீறுவதில்லை. இப்படிக் கீறுவது துடைக்கிற மனிதக் கைதான்.

கை கீறாதே, துணிதானே மென்மையானது என்று கேட்கலாம். கீறுவது துணி அல்ல, துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தூசி. இங்கே இந்த வட்டாரத்தின் நிலவியலை விட்டுவிட்டுப் பேச முடியாது. திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில், சாலைக்காக வெட்டிய சரிவுகளில், கீழே பழைய கிரானைட்டும் அதன் மேல் நகரிக் குவார்ட்சைட்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் காணாமல்போன காலம் சுமார் 80 கோடி ஆண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அந்த இடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. குவார்ட்சைட் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது படிகக்கல். கிரானைட்டிலும் அது தாராளம். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7, சன்னல் கண்ணாடிக்கே ஐந்தரைதான். காரின் மேல்பூச்சான கிளியர் கோட்டோ ஒரு வகைப் பிளாஸ்டிக் படலம், பருமன் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். தலைமயிர் ஒன்று சுமார் 70 மைக்ரான் இருக்கும். ஆக, காலையில் பல் துலக்கியதும் மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு பானெட்டை வட்டமாகத் தேய்ப்பவர், பல கோடி ஆண்டு மூத்த கல்லைப் பொடியாக்கி, மயிரிழையிலும் மெலிந்த படலத்தின் மேல் அழுத்தி உருட்டுகிறார். பெட்ரோல் பங்க்கில் பனியன் வேஸ்ட்டால் அன்போடு ஓர் இழுப்பு இழுத்துவிடுபவர் செய்வதும் அதுவே. தூசி தானாகக் கிடக்கும்போது ஒரு தீங்கும் செய்வதில்லை.

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், பிறர் வாதங்களைச் சொல்லும் பரபக்கத்தை முதலில் வைத்துவிட்டுத்தான் தன் வாதமான சுபக்கத்துக்கு வருகிறது. அந்த முறைப்படி எதிர்க்கட்சியையும் பேசவிட வேண்டும். முதல் எதிர்வாதம் அம்பாசடர் வாதம்: "அந்தக் காலத்து டிரைவர்கள் நாளுக்கு இரண்டு தடவை துடைத்தார்கள், வண்டி கண்ணாடி மாதிரி இருந்தது." இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து ஒற்றை நிறப் பூச்சு வேறு வகை. கிளியர் கோட் கிடையாது, நிறமே மேற்பரப்பு. தேய்த்தால் மேல் தோல் போய் உள்ளே அதே நிறம் புதிதாக வெளிவரும், அதனால் தேய்ப்பது மெருகாகவே தெரிந்தது. ஐயமுள்ளவர்கள் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலீஷ் தொட்டு, கண்ணில் படாத ஒரு மூலையில் தேய்த்துப் பார்க்கலாம். துணியில் காரின் நிறம் ஏறினால் கிளியர் கோட் இல்லாத பூச்சு, ஏறாவிட்டால் இந்தக் காலத்துப் பூச்சு. அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. அதைத் துடைத்த கை மட்டும் ஓயாமல் அடுத்த வண்டிக்கு வந்துவிட்டது.

இரண்டாம் எதிர்வாதம் இதைவிடக் கனமானது. "அப்படியானால் காரை அழுக்காகவே விட்டுவிடலாமா?" புதிதாகப் பழைய கார் வாங்கியவர் ஆவலோடு எதிர்பார்க்கும் தீர்ப்பும் இதுதான், ஆனால் அது கிடைக்காது. அழுக்கு ஒரே சாதி அல்ல. தூசி பொறுக்கும், எச்சம் பொறுக்காது. காக்கை, புறா எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. மே மாதத்துத் திருப்பதி வெயிலில் சூடேறிய பூச்சு, ஒரே பகலில் அதன் கீழே தழும்பேறிப்போகும். சித்தூர்ப் பக்கம் இன்னொரு விசேஷம் உண்டு. மாமரம் பூக்கிற மாதங்களில் நிழலென்று அதனடியில் காரை நிறுத்தினால், தத்துப்பூச்சிகள் தேன் போன்ற கழிவைத் தெளித்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் கைப்பிடியைத் தொட்டால் பிசுபிசுவென்று விரல் ஒட்டும். கவனிக்காமல் விட்டால் அதன் மேல் கரும்பூசணம் படரும். இவற்றை உடனே எடுத்தாக வேண்டும், ஆனால் தேய்த்து அல்ல. ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு ஊறவிட்டு, ஒற்றித் தூக்க வேண்டும். முழுக் காருக்கும் இதே இலக்கணம் பொருந்தும். முதலில் தண்ணீர் மட்டும் அடித்து மணலை ஓட்டிவிட வேண்டும். பிறகு கார் ஷாம்பு, இரண்டு வாளி: ஒன்றில் நுரை, மற்றதில் கையுறையை அலசும் வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே, நேர்கோட்டில் போக வேண்டும், வட்டம் கூடாது. இரண்டாவது வாளியின் அடியில் படியும் செம்மணலைப் பார்த்தவர் அதன் பிறகு ஒற்றை வாளிக்குத் திரும்புவது கடினம். உச்சி வெயிலில் கழுவினால் இங்கத்திய போர் தண்ணீரின் உப்பு சொட்டுச் சொட்டாகக் காய்ந்து வெள்ளை வளையங்களை விட்டுப்போகும். அவற்றை எடுக்க மறுபடியும் தேய்ப்பார்கள்.

மூன்றாம் எதிர்வாதம் பக்தி சார்ந்தது என்பதால் மரியாதையோடு அணுக வேண்டும். பழைய கார்தான் என்றாலும் வாங்கியவருக்கு அது புதிது. அலிபிரியிலோ காணிப்பாக்கத்திலோ பூஜை போடாமல் அது வீட்டுக்கு வராது. எலுமிச்சம்பழம் டயருக்கடியில் நசுங்குவதால் பூச்சுக்குச் சேதமில்லை. தேங்காயும் பூசணிக்காயும் தரையோடு போயின. சிக்கல், பானெட்டில் குழைத்துப் பூசிய மஞ்சளில் இருக்கிறது. வெள்ளைக் காரில் மறுநாள் காலை அந்த மஞ்சளைக் கண்டு பதறுபவர், சமையலறைக்குப் போய்ச் சோப்புத்தூளைக் கரைத்துக்கொண்டு வருகிறார். தேய்த்த மாத்திரத்தில் மஞ்சள் சிவப்பாகிறது. இதில் தெய்வக் குற்றம் எதுவும் இல்லை. மஞ்சளிலுள்ள குர்க்குமின் காரம் பட்டால் சிவக்கும், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வது இந்த வேதியியலால்தான். காரின் முகத்தில் குங்குமம் தயாரித்துவிட்டோம் என்று அறியாமல் அவர் இன்னும் பலமாகத் தேய்க்க, கறையோடு கிளியர் கோட்டும் குறைகிறது. குர்க்குமின் வெளிச்சத்தில் சிதைவது. மென்மையான ஷாம்புவில் அலசிவிட்டுச் சும்மா இருந்தால் மிச்சத்தை வெயில் வெளுத்துவிடும். அர்ச்சகரிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டால் பொட்டை முன்கண்ணாடியில் வைப்பார், அதற்கு ஆகம விரோதம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

கீறலைக் கண்டுவிட்ட புதியவர் அடுத்துச் செய்வது ரப்பிங். காம்பவுண்ட் என்பதும் நுண்ணிய மணல்தான், கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள பூச்சையும் செதுக்கிச் சமமாக்குவதுதான் அதன் வேலை. ஒருமுறை அளவோடு செய்தால் நல்லது. தீபாவளிக்குத் தீபாவளி செய்தால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மேல் படலம் தீர்ந்து, கூரை வெளிறிச் செதில் செதிலாக உரியத் தொடங்கும். செராமிக் கோட்டிங் போட்டுவிட்டால் போதுமே என்பவர்கள், அடியில் உள்ள கீறலை அது மறைக்காது, மேலே மூடிப் பத்திரப்படுத்தும் என்பதை யோசிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு காரின் உட்புறம் இந்தக் கோட்பாட்டுக்கு அப்படியே எதிராக நிற்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. உள்ளே துடைப்புதான் மருந்து, அங்கேதான் யாரும் துடைப்பதில்லை. முன் சீட்டைப் பின்னால் முழுக்கத் தள்ளி, தண்டவாளத்துக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், இந்த வட்டாரத்துக் கார் எதிலும் பூந்தி உருண்டைகள் கிடைக்கும். திருமலையிலிருந்து இறங்கும்போது பங்கு பிரித்த லட்டின் மிச்சம் அது. 2009இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த லட்டின் சர்க்கரை எறும்பை அழைக்கிறது, நெய் சீட்டுத் துணியில் இறங்கிச் சிக்கு வாடை அடிக்கிறது. வாங்கியவர் வாடைக்கு மருந்தாக டேஷ்போர்டில் வாசனைப் புட்டி ஒன்றை வைக்கிறார், இரண்டு வாடையும் கலந்து மூன்றாவது ஒன்று பிறக்கிறது. வேக்குவம் போட்டு, ஏ.சி. ஃபில்டரை மாற்றி, ஈரத்துணியால் ஒரு நாள் உட்கார்ந்து துடைத்தால் தீர்கிற காரியம் இது. பானெட்டுக்கு மேலே தினமும் தேய்க்கிற கை, பானெட்டைத் திறப்பதே இல்லை என்பதும் இந்தத் தலைகீழ் வழக்கத்தில் சேரும். பக்கத்துக் கரகம்பாடியில் அமர ராஜா ஆலை பேட்டரிகளைச் செய்து உலகுக்கு அனுப்புகிறது, ஊர்க்காரர் காரிலோ பேட்டரி முனையில் உப்புப் பூத்து, காலையில் வண்டி கிளம்ப மறுக்கிறது. சமையல் சோடாக் கரைசலும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும்.

எஞ்சியிருப்பது ஓர் எதிர்வாதம், அதற்குத்தான் நிலவியலிலும் வேதியியலிலும் பதில் இல்லை. சித்தூரின் கட்டமஞ்சித் தெருவில் அத்தனை பேரும் காலை ஆறரைக்குத் துணியும் கையுமாக நிற்கும்போது, கார் வைத்திருந்தும் துடைக்காதவனை அக்கம்பக்கம் என்ன நினைக்கும்? சோம்பேறி என்று நினைக்கும், இல்லையென்றால் இ.எம்.ஐ. கட்ட முடியாமல் வண்டியை விற்கப்போகிறான் என்று நினைக்கும். இப்படிப்பட்டவருக்கு ஆய்வாளர் பரிந்துரைப்பது டயர். ஆந்திரத்தில் அப்போலோ டயர் ஆலை 2020இல் தொடங்கியது, அது இருக்கும் சின்னபாண்டூர் இன்று திருப்பதி மாவட்டத்தில்தான். அங்கே செய்த டயராகவே இருக்கக்கூடும் என்ற உள்ளூர்ப் பற்றோடு, குந்தி உட்கார்ந்து, நான்கையும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அழுத்தித் தேய்க்கலாம். வட்டமாகவே தேய்க்கலாம். எதிர்வீட்டுக்காரர் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, ஸ்டெப்னியையும் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.